வான்மதியின் முகநிலவரம்

நடு ஜெர்சித் தமிழ்க் கற்பனைக் கால்பந்துப் பேரவையில் யாரும் கால்பந்து, அதாவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து, ஆடியது கிடையாது. ஆடுகிறவர்களைப் பங்கு போட்டுக்கொள்வதுதான் பேரவையின் பணி. பன்னிரண்டு உறுப்பினர்கள், ஆளுக்கொரு அணி. ஆகஸ்ட் கடைசியில் ஒன்றுகூடி, நாடெங்கும் இருக்கும் தொழில்முறை வீரர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் தமதாக்கிக்கொள்வார்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீரர்கள் எங்கோ ஒரு மைதானத்தில் எலும்பு நொறுங்க ஓடுவார்கள். மான்மவுத் ஜங்ஷனிலும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலும் சோபாவில் சாய்ந்திருப்பவர்களுக்குப் புள்ளிகள் சேரும். தங்களுக்கு ஜெர்சியில் ஓர் உரிமையாளர் இருக்கிறார் என்பது வீரர்களுக்குத் தெரியாது. பேரவை அதை ஒரு குறையாக எண்ணியதில்லை.

பங்கு பிரிக்கும் விழா நூலகத்தின் கூட்ட அறையில் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து உண்டு. குத்துவிளக்கும் உண்டு, நூலகத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லாததால் ஐந்து திரிகளும் பேட்டரியில் எரியும். சிறப்பு விருந்தினர் பொத்தானை அழுத்தியதும் கைதட்டுவார்கள். பேரவைக்கு ஒரு சட்டதிட்டக் குழுவும், ஒரு கலைச்சொல் குழுவும், ஒரு மருத்துவ உபகுழுவும் இருந்தன. மருத்துவ உபகுழுவில் மூவர். மூவரும் மென்பொருள் சோதனைத் துறையில் இருந்தார்கள்.

இந்த ஆண்டு விழாவில் தலைவர் சிவராமகிருஷ்ணன் ஆற்றிய தொடக்க உரை இப்படி முடிந்தது:

"அன்பர்களே, இதை ஒரு விளையாட்டு என்று சிலர் சொல்கிறார்கள். அப்படி விளையாட்டாக எடுத்துக்கொண்ட இருவரைச் சென்ற ஆண்டு நீக்கிவிட்டோம் என்பதைத் தாழ்மையுடன் நினைவூட்டுகிறேன்."

சிவராமகிருஷ்ணன் ஒரு மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுத் துறையின் மேலதிகாரி. எதையும் மூன்று பேர் கையெழுத்திடாமல் நம்பமாட்டார். மூன்று பேர் கையெழுத்திட்டுவிட்டால் எதையும் நம்பிவிடுவார்.

நான்காவது சுற்றில் பத்ரியின் முறை வந்தது. எழுந்து நின்று தொண்டையைச் செருமி, "ட்ரேவான் பெல்மோர்" என்றான்.

கல்யாண மண்டபத்தில் யாரோ விவாகரத்தைப் பற்றிப் பேசிவிட்டதுபோல அறை அமைதியானது. பெல்மோர் ஒரு ரன்னிங் பேக். அதாவது பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எதிராளிக் கூட்டத்துக்குள் பாய்ந்து ஓடுவது அவர் வேலை. ஓடினால் அவரைப்போல ஓட ஆளில்லை. பத்துப் பேர் மறித்து நின்றாலும் தண்ணீர் மாதிரி இடுக்கு கண்டுபிடித்துப் போய்விடுவார். ஆனால் ஓடுகிற நாட்களைவிட ஐஸ் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நாட்கள்தான் அதிகம். கணுக்கால், முட்டி, விலா, பின்தொடை எல்லாம் பார்த்தாயிற்று. ஒருமுறை வெற்றியைக் கொண்டாடக் குதித்ததில் மணிக்கட்டு பிசகியது. உடம்பில் இன்னும் அடிபடாத இடங்களைச் சொல்வதுதான் சுலபம்.

"முழு சீசன் ஆடினான்னா நம்மதான் கப்பு" என்றான் பத்ரி.

"ஆடினான்னா" என்றார் ஒருவர்.

அறையின் பின்பக்கத்தில் புளியோதரைத் தட்டுகளின் மேல் சுற்றிய அலுமினியத் தாளைப் பிரித்துக்கொண்டிருந்தாள் வான்மதி, பத்ரியின் மனைவி. அவள் ஃபிசியோதெரபிஸ்ட் என்பது மருத்துவ உபகுழுவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

"மேடம், ஒரு தடவ ஹாம்ஸ்ட்ரிங், அதான் பின்தொடத் தச, போயிட்டா மறுபடி பழையபடி ஓட முடியுமா?"

"ஆளப் பாக்காம எப்படிங்க சொல்றது?" என்றாள் வான்மதி, கரண்டியைத் தேடிக்கொண்டே.

உபகுழு இதைக் குறிப்பேட்டில் பதிவு செய்தது: ஆளைப் பார்த்தால் சொல்வார்.

வான்மதி கோயம்புத்தூரில் படித்தவள். இங்கே வந்தபின் அந்தப் படிப்பை யாரும் படிப்பாக ஏற்கவில்லை. கல்லூரிக்குக் கடிதம் எழுதி, விட்டுப்போன பாடங்களை மறுபடி படித்து, மூன்றாம் முறை தேர்வெழுதித் தேறியபோது பெண் குழந்தைக்குப் பள்ளிக்கூடம் போகும் வயதாகிவிட்டது. அந்த உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அடுப்பங்கரைச் சுவரில் மாட்டியிருந்தாள். "ஹால்ல மாட்டலாமே" என்றான் பத்ரி. "நான் நிக்கிற எடத்துல இருக்கட்டும்" என்றுவிட்டாள்.

அவள் வேலை பார்த்த கிளினிக் ரூட் பதினெட்டில் ஒரு டோனட் கடைக்கும் வரிக்கணக்கு ஆபீஸுக்கும் நடுவே இருந்தது. பெரும்பாலும் முட்டி மாற்றிய முதியவர்கள், தோள் இறுகியவர்கள், பாரம் தூக்கி இடுப்பு பிடித்தவர்கள். பெரிய வீரர்கள் யாரும் அந்தப் பக்கம் வந்ததில்லை.

சீசன் தொடங்கிய மூன்றாவது ஞாயிறு பெல்மோருக்குப் பின்தொடை பிடித்துக்கொண்டது. அணி நிர்வாகம் 'சந்தேகம்' என்ற ஒற்றைச் சொல்லை வெளியிட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

அதே வாரம் வசந்தாமணி ஆன்ட்டி முட்டிக்குப் பயிற்சி செய்ய கிளினிக்குக்கு வந்திருந்தார். ஆன்ட்டி சிவராமகிருஷ்ணனின் மாமியார். பக்கத்துப் படுக்கையில் ஓர் ஆள் குப்புறப் படுத்திருந்தார். சாம்பல் நிற முக்காடு வைத்த சட்டை, கதவை அடைக்கிற தோள், பின்தொடையில் ஐஸ் பொட்டலம்.

"ஏங்கண்ணு, யாரு அது? மலையாட்டம் இருக்காரு" என்று ஆன்ட்டி கிசுகிசுத்தார்.

"மத்த பேஷண்ட் பத்தி சொல்லக்கூடாது ஆன்ட்டி. கால நீட்டுங்க."

"நான் யாருகிட்டச் சொல்லப்போறேன்?"

ஆன்ட்டி வீட்டுக்குப் போய் மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை காலணியைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டார்.

கதைக்கு உரிமம் தேவையில்லை என்பதால் இங்கே சொல்லிவிடலாம்: அவர் பெல்மோர் இல்லை. ரொட்டி லாரி ஓட்டுபவர். தட்டுகளை இறக்கும்போது கால் வழுக்கியது. அவர் பெயர் நமக்கு வேண்டாம்.

வான்மதிக்கும் இது தெரியும். சொல்லத்தான் வழியில்லை. இன்னார் எங்கள் நோயாளி என்று சொல்வது எப்படிக் குற்றமோ, இன்னார் இல்லை என்று சொல்வதும் அப்படியே என்று ஆண்டுதோறும் பயிற்சி கொடுக்கிறார்கள். இன்று ஒருவரை இல்லை என்று சொல்லிவிட்டால், நாளை இன்னொருவரைப் பற்றிக் கேட்டு நீ பேசாமல் நின்றால் அதுவே ஆமாம் ஆகிவிடும். மீறினால் விசாரணை, விசாரணையில் தவறு என்றால் உரிமம் போய்விடும்.

அன்று இரவு பத்ரி சாப்பிடும்போது சாதாரணமாகக் கேட்பதுபோலக் கேட்டான்.

"அவன்தானா?"

"எவன்?"

"நடிக்காத வானு. சிவா மாமியார் பாத்திருக்காங்க."

"சொல்லக்கூடாது பத்ரி."

"சரி, இல்லன்னா இல்லன்னு சொல்லிட்டுப் போயேன்."

"இல்லன்னும் சொல்லக்கூடாது."

பத்ரி கையிலிருந்த சப்பாத்தியைத் தட்டில் வைத்தான். "ஓ" என்றான்.

"என்ன ஓ?"

"ஒண்ணுமில்ல. நீ எதுவும் சொல்லல. எனக்கு எதுவும் தெரியாது." எழுந்து கை கழுவாமலே பேரவையின் வாட்ஸாப் குழுவில், பெல்மோரை யாருக்கும் கொடுப்பதாக இல்லை என்று ஓர் அறிவிப்புப் போட்டான்.

பேரவையில் வீரர்களை மாற்றிக்கொள்ளலாம். உன்னிடம் இருப்பவரைக் கொடுத்து என்னிடம் இருப்பவரை வாங்கிக்கொள்ளலாம். முந்தின நாள்வரை பெல்மோரைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. அறிவிப்புக்குப் பின் நிலைமை மாறியது. மறுநாள் மளிகைக் கடையில், காய்கறிப் பக்கத்தில், ஜனார்த்தனன் வான்மதிக்காகக் காத்திருந்தார். எடிசனில் கணக்காளர், யாழ்ப்பாணத்துக்காரர், பேரவையின் சென்ற ஆண்டு வெற்றியாளர்.

"தங்கச்சி, வேலையெல்லாம் எப்பிடிப் போகுது?"

"நல்லாப் போகுதுண்ணா."

"நல்லாவோ, மெத்த நல்லாவோ?"

"அண்ணா, எனக்கு எதுவும் தெரியாது."

"நான் ஒண்டும் கேக்கேல்லையே! நீங்கள் வாயே திறக்க வேண்டாம். இந்தா, வெண்டிக்காய் வாங்கத்தானே வந்தனீங்கள்? ஞாயிறு ஓடுவான் எண்டால் பிஞ்சா எடுங்கோ. ஓடமாட்டான் எண்டால் முத்தலா எடுங்கோ. ஆர் கண்டது?"

வான்மதி பீன்ஸ் எடுத்துக்கொண்டு போனாள்.

பீன்ஸுக்கு என்ன அர்த்தம் என்று ஜனார்த்தனன் இரண்டு நாள் யோசித்தார். கடைசியில், பீன்ஸ் வளையும், ஒடியாது என்று முடிவுக்கு வந்து, பெல்மோருக்குப் பதிலாக இரண்டு நல்ல வீரர்களைத் தருவதாகப் பத்ரிக்கு எழுதினார். பத்ரி மறுத்தான். மறுத்ததால் விலை இன்னும் ஏறியது.

அதன்பின் வான்மதி எங்கு போனாலும் ஒரு கண் பின்தொடர்ந்தது. கோயில் பார்க்கிங்கில் மகளோடு பேசிச் சிரித்ததை ஒருவர் பார்த்தார், பெல்மோர் ஏறினார். பெட்ரோல் பங்கில் பெருமூச்சு விட்டதை இன்னொருவர் பார்த்தார், பெல்மோர் இறங்கினார். ஒரு நாள் கிளினிக்கிலிருந்து சீக்கிரம் கிளம்பினாள். 'சிகிச்சை முடிந்துவிட்டது' என்று ஒரு கட்சியும், 'சிகிச்சையால் பயனில்லை என்று கைவிட்டுவிட்டார்கள்' என்று ஒரு கட்சியும் குழுவில் மோதிக்கொண்டன. பள்ளியில் பெற்றோர் சந்திப்பு இருந்தது என்ற வாதத்தை எவரும் முன்வைக்கவில்லை.

சட்டதிட்டக் குழு அவசரப் பொதுக்கூட்டத்தைக் கூட்டியது. நிகழ்ச்சி நிரலில் ஒரே பொருள்: வான்மதி. அவளுக்கு அழைப்பு இல்லை. உறுப்பினர்கள் மட்டுமே கலந்துகொள்ளலாம். சிவராமகிருஷ்ணன் எழுந்தார்.

"அன்பர்களே, ஒரு பெண்மணியின் முகம் அவருடைய தனிச்சொத்து என்பதில் பேரவைக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்த முகம் ஒரே ஓர் உறுப்பினரின் இல்லத்தில் மட்டும் காலையும் மாலையும் காணக் கிடைக்கிறதே, இது எந்த வகையில் சமநீதி? நண்பர் பத்ரி அதைக் காபி குடித்துக்கொண்டே பார்க்கிறார். மற்ற பதினொரு பேர் காய்கறிக் கடையில் கால் கடுக்க நின்று பார்க்க வேண்டியிருக்கிறது."

பலத்த கைதட்டல். பத்ரி தலை குனிந்தான்.

"சட்டத்தை மீறி அவர் ஒரு சொல்கூடச் சொல்ல வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. நாம் சட்டத்தை மதிக்கிறவர்கள். அதனால்தான் முகத்தோடு நிறுத்திக்கொள்கிறோம்."

தீர்மானம் நிறைவேறியது. வியாழக்கிழமைதோறும் மாலையில் வான்மதி ஐந்து நிமிடம் ஜூமில் தோன்ற வேண்டும். பேச வேண்டியதில்லை. முடி முகத்தில் விழக்கூடாது. பின்னாலிருந்து வெளிச்சம் வரக்கூடாது. மூவர் கொண்ட முகபாவ உபகுழு பார்த்து, அனைவருக்கும் ஒரே நேரத்தில் அறிக்கை தரும். முகம் இயல்பாக இருப்பதை உறுதிசெய்ய, புதன்கிழமை முதல் பத்ரி அவளிடம் சண்டை போடக்கூடாது.

"புதன்லேர்ந்து நான் உன்கிட்டச் சண்ட போடக்கூடாதுன்னு ரூலே போட்டிருக்காங்க" என்றான் பத்ரி, நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடும் நோக்கத்தோடு.

"அது நல்ல ரூல்தான். மத்ததுக்கு நான் வரமாட்டேன்."

"அஞ்சு நிமிஷம்தானே வானு? சும்மா உக்காந்திருக்கப்போற."

"பத்ரி, அங்க பாரு." அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த உரிமத்தைக் காட்டினாள். "அதுக்கு நான் எவ்ளோ நாள் ஒக்காந்து படிச்சேன்னு உனக்குத் தெரியும். ஒரு கம்ப்ளைண்ட் போனாப் போதும். நான் ஒரு வார்த்த சொல்லலன்னாலும் யார் நம்புவா?"

"நான் நம்புறேன்ல?"

"நீயே நம்பல. இல்லன்னும் சொல்லக்கூடாதுன்னு சொன்னதுக்குத்தான் நீ 'ஓ'ன்ன."

பேரவையிடம் அவள் மறுத்துவிட்டாள் என்று சொல்லப் பத்ரிக்குத் தைரியம் இல்லை.

அந்த வியாழக்கிழமை அவன் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் அடுப்பங்கரையைப் பார்த்தபடி வைத்து, "ஆபீஸ் கால், நான் ம்யூட்ல இருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டான். வான்மதி ரசம் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாளாகக் கடைவாய்ப் பல்லில் வலி. இடது கன்னம் வீங்கி, உள்ளே ஒரு கிராம்பை ஒதுக்கியிருந்தாள். தாளிக்கும்போது மிளகாய் நெடியில் கண் கலங்கியது. கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தபடி நின்றாள்.

தண்ணீர் குடிக்க வந்த மகள் ரக்ஷா திரையைப் பார்த்தாள்.

"அம்மா, வை ஆர் ஆல் தீஸ் அங்கிள்ஸ் வாட்சிங் யூ மேக் ரசம்?"

வான்மதி வந்து பார்த்தாள். பதினொரு கட்டங்களில் பதினொரு ஆண்கள். சிலர் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். கணினியை மூடினாள். அன்று வியாழக்கிழமை என்பதால் பத்ரியால் சண்டை போட முடியவில்லை. அவளுக்கு அந்தத் தடை இல்லை. ஆனால் பல் வலியில் அவளால் வாயைத் திறக்க முடியவில்லை.

முகபாவ உபகுழுவின் அறிக்கை இரவுக்குள் வந்தது. "இடது கன்னம் வீங்கியுள்ளது. இரு கண்களிலும் நீர். கை கன்னத்தில். காயம் மிகக் கடுமையானது. வீரர் இந்தப் பருவத்தில் களம் திரும்புவதற்கில்லை." கீழே மூன்று கையெழுத்துகள்.

பத்ரி அறிக்கையை இரண்டு முறை படித்தான். மறுநாள் காலையில், சும்மா கிடைப்பதுதானே, எதற்கும் இருக்கட்டும் என்ற ஜனார்த்தனனுக்குப் பெல்மோரைக் கொடுத்துவிட்டு, பதிலாக ஓர் உதைப்பாளரை வாங்கிக்கொண்டான். உதைப்பாளர் என்பவர் ஆட்டத்தில் எப்போதாவது வந்து பந்தை ஓர் உதை உதைத்துவிட்டுப் போய் உட்காருபவர்.

"எனக்குப் பல் வலின்னு உன்கிட்டச் சொன்னேனா இல்லியா?" என்று பல் மருத்துவரிடம் கிளம்பும்போது கேட்டாள் வான்மதி.

"சொன்ன. ஆனா அது நீ வெளிய சொல்றதுன்னு நெனச்சேன்."

அந்த ஞாயிறு பெல்மோர் களம் இறங்கினார். ஓடினார். எதிரணியின் எல்லைக்கோட்டை மூன்று முறை தொட்டுவிட்டு வந்தார். மூன்றாம் முறை தொட்டபின் குதிக்கவும் செய்தார், எதுவும் பிசகவில்லை. ஜனார்த்தனன் அறிக்கையை நம்பி அவரை அந்த வாரக் கணக்கில் சேர்க்காமல் தன் அணியின் பெஞ்சில் உட்கார வைத்திருந்ததால் அந்தப் புள்ளிகள் யாருக்கும் சேரவில்லை. சந்தையில் பெல்மோரைத் தள்ளிவிட்டவன், வாங்கி வீணாக்கியவர், வாங்காமல் விட்டவர்கள் என்று பேரவை முழுவதும் ஏமாந்து நின்றது.

கூடிப் பேசினார்கள். அறிக்கை தவறாக இருக்க முடியாது. மூன்று கையெழுத்து இருக்கிறது. ஆகவே தவறு முகத்தில்தான். வான்மதி இடது கன்னத்தைப் பயன்படுத்தித் திட்டமிட்டுப் பொய்த் தகவல் பரப்பினார் என்று கிளினிக் தலைமையகத்துக்கு ஒரு புகார் போனது. நான்கு படங்கள் இணைக்கப்பட்டிருந்தன. 'நல்லெண்ண அடிப்படையில்' என்று தொடங்கிய அந்தப் புகாரைப் பதினொரு பேர் ஆதரித்தார்கள்.

"நான் கையெழுத்துப் போடல வானு" என்றான் பத்ரி. "நான் நடுநிலை வகிச்சேன்."

வான்மதி அவனைப் பார்த்தாள். அந்த முகத்தைப் படிக்க எந்த உபகுழுவும் தேவைப்படவில்லை. பத்ரி அன்றிலிருந்து ஹாலில் படுத்துக்கொண்டான்.

விசாரணைக்கு வட்டார அலுவலகத்திலிருந்து ஒழுங்குமுறை அதிகாரி வந்தார். பெயர் கீட்டிங். கிளினிக்கில் தனியறை இல்லாததால், பயிற்சிப் பந்துகளை அடுக்கி வைக்கும் பின்னறையில் இரண்டு நாற்காலி போட்டார்கள். இருவரையும் சுற்றிப் பச்சை, நீல நிறத்தில் பெரிய பெரிய ரப்பர் பந்துகள். கீட்டிங் படங்களை மடியில் பரப்பினார்.

"இதில் இருப்பது நீங்கள்தானே?"

"ஆமாம்."

"இந்தக் கன்னம்?"

"என்னுடையதுதான்."

"வீங்கியிருக்கிறது."

"கடைவாய்ப் பல்."

"ஆதாரம்?"

வான்மதி எக்ஸ்ரேயை நீட்டினாள். கீட்டிங் அதை விளக்கருகே தூக்கிப் பிடித்து, பல்லை வெகுநேரம் பார்த்தார். "இது உங்கள் உடல்நலத் தகவல். எனக்குக் காட்டியதற்கு ஒப்புதல் கையெழுத்துப் போட வேண்டும்" என்று ஒரு தாளைக் கொடுத்தார். போட்டாள்.

"இந்தப் புகாரில் சொல்லப்படும் வீரர் நம்மிடம் சிகிச்சை பெறுகிறாரா?"

"அதை நான் சொல்லக்கூடாது."

"என்னிடம் சொல்லலாம்."

"அப்படியானால் எழுத்தில் கேளுங்கள்."

கீட்டிங் முதன்முறையாகத் திருப்தியோடு தலையசைத்தார். பிறகு தயாரித்து வந்ததைப் பேசினார்.

"நிறுவனத்தின் கொள்கை எளிமையானது. நோயாளிகளிடம் நமக்கு மிகுந்த அக்கறை உண்டு. நம் வாசல் பலகையிலேயே அது இருக்கிறது. ஆனால் அக்கறை முகத்தில் தெரிந்துவிட்டால் அது தகவல் ஆகிவிடுகிறது. தகவல் என்றால் வழக்கு. ஆகவே உங்களுக்கு அக்கறை இருக்கலாம். தெரியக்கூடாது."

தீர்ப்பும் கையோடு வந்தது. குற்றம் நிரூபணமாகவில்லை. ஆனாலும் இந்தப் பருவம் முடியும்வரை, கிளினிக்குக்குள் இருக்கையில் அவள் நம்பிக்கையையோ வருத்தத்தையோ முகத்தில் காட்டக்கூடாது. இன்னொரு படம் தலைமையகத்துக்கு வந்தால், விஷயம் நேரே மாநில உரிமக் குழுவுக்குப் போகும்.

"புரிகிறதா?"

புரிகிறது என்று சொல்ல வாயெடுத்தவள், அது முகத்தில் எப்படித் தெரியுமோ என்று தயங்கினாள்.

கீட்டிங் காகிதங்களைப் பைக்குள் வைத்தார். எழுந்தார். கதவு வரை போனவர், அதைத் திறக்காமல் நன்றாகச் சாத்திவிட்டுத் திரும்பி வந்தார்.

"இது விசாரணையில் சேராது. எங்கள் அலுவலகத்திலும் நாங்கள் சிலர் ஒரு லீக் வைத்திருக்கிறோம். என் அணியில் பெல்மோர் இருக்கிறார்."

வான்மதி எக்ஸ்ரேயைப் பைக்குள் வைத்தாள்.

"நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்வது சட்டவிரோதம். நான் உங்களைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்."

பார்த்தார். வான்மதி அவர் தோளுக்கு மேலே தெரிந்த ஒரு நீலப் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தில் எழுதியிருந்த எடை வரம்பைப் படித்தாள். முடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"மிக்க நன்றி" என்று நெகிழ்ந்த குரலில் சொல்லிவிட்டு, கீட்டிங் கைப்பேசியை எடுத்துக்கொண்டே வெளியேறினார்.

வான்மதி சிகிச்சைக் கூடத்துக்கு வந்தாள். ரொட்டி லாரி ஓட்டுபவர் காத்திருந்தார். அவருடைய கம்பெனியிலிருந்து தினமும் கிளினிக்குக்கு போன் வரும்: ஆள் எப்போது தேறுவார்? அவர்களுக்கும் பதில் சொல்லக்கூடாது. வரும் திங்கட்கிழமை தட்டுத் தூக்க முடியவில்லை என்றால் அந்த ரூட் வேறு ஒருவருக்குப் போய்விடும் என்று அவரே அவளிடம் சொல்லியிருந்தார். சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

இன்று கடைசிச் சோதனை. பாரம் ஏற்றிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறி இறங்க வேண்டும். பக்கத்துப் படுக்கையில் வசந்தாமணி ஆன்ட்டி முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு, கைப்பேசியை நெஞ்சின்மேல் நிறுத்திப் பிடித்திருந்தார்.

"கண்ணு, மாப்பிள ஒரே ஒரு போட்டோ கேட்டாரு. நீ பாட்டுக்கு வேலயப் பாரு."

வான்மதி இரண்டு படுக்கைகளுக்கும் நடுவே இருந்த திரைச்சீலையை இழுத்துவிட்டு, அதன் ஓரத்தில் நின்றுகொண்டாள். ஆன்ட்டிக்கு இப்போது அவள் மட்டும்தான் தெரிவாள். திரைக்கு அப்பால் இருப்பவர் தெரியமாட்டார்.

அவர் குனிந்து பெட்டியை எடுத்தார். ஏறினார். மேல்படியில் ஒரு கணம் நின்றார். வழக்கமாக அங்கேதான் பிடித்துக்கொள்ளும். பிடிக்கவில்லை. இறங்கினார். பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து, நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

நோயாளிகள் எல்லோரும் அப்படித்தான் பார்ப்பார்கள். கால் தன்னுடையதுதான், வலி போனதும் தனக்குத்தான் தெரியும்; ஆனாலும் அவள் முகத்தில் ஒருமுறை பார்த்த பிறகுதான் நம்புவார்கள். இத்தனை வருடம் அவள் செய்துவந்த வைத்தியத்தில் பாதி அதுதான். அது எந்தத் தேர்விலும் வரவில்லை.

அவர் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. அவர் புருவம் மெல்லச் சுருங்கியது. "சரியில்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பார்வை காலுக்கு இறங்கியது. காலைக் கொஞ்சம் பயத்தோடு ஊன்றிப் பார்த்தார்.

வான்மதிக்கு அடுப்புக்கு மேலே மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டம் நினைவுக்கு வந்தது. திரைக்கு இந்தப் பக்கம் ஆன்ட்டியின் கைப்பேசி மெல்ல உயர்வது தெரிந்தது.

அவள் சிரித்தாள். உதட்டோடு நிறுத்தவில்லை, புதிதாக அடைத்த கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்தாள். பெட்டியோடு நின்றவர் முகமும் விரிந்தது.

பிறகுதான் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நல்லாக் கிட்ட வந்து என் மூஞ்சிய மட்டும் எடுங்க. அது என்னோடது."